கம்பிக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள தோழிக்கு,

மூன்று வாரம் கழித்துப் பதில் போடுகிறேன், திட்டாதே. ஞாயிறு வந்தால் நாய்க் காப்பகத்தில் தரையோடு தரையாகப் படுத்துப் படம் எடுக்கிறேன். முழங்கை இரண்டிலும் சிராய்ப்பு.

"மீட்ட நாய்க்கு எதுக்குடி மாடல் மாதிரி போட்டோ?" என்று கேட்டிருந்தாய். நானும் முதலில் கம்பிக்குப் பின்னால் இருந்தபடியேதான் எடுத்தேன். பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள், ஒருவரும் வளர்க்கக் கூட்டிப் போகவில்லை. அப்புறம்தான் சோஃபி கமாண்ட் என்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞரின் படங்களைப் பார்த்தேன். அமெரிக்கக் காப்பகங்களில் இருந்த பிட்புல் நாய்களுக்குப் பூக்கிரீடம் சூட்டி 2014-இல் எடுக்க ஆரம்பித்தவர். பொல்லாதது என்று பெயர் வாங்கிய முகம் பூவுக்குக் கீழே எத்தனை சாந்தம்! எனக்குப் பூ வைக்கிற துணிச்சல் இல்லை. முதல் நாளே ஒருத்தன் என் கேமரா வாரைக் கடித்துக் குதறிவிட்டான்.

மணி என்று ஒரு கறுப்பன் இருக்கிறான். கறுப்பைக் கண்டால் கேமரா வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தை, ஏற்றிவிடும், மணி சாம்பலாகிவிடுவான். அதை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ உட்காரவைத்தால் ரோமம் இழை இழையாக மினுங்கும். ஃப்ளாஷ் மட்டும் ஆகாது. விழித்திரைக்குப் பின்னால் உள்ள படலம் ஒளியைத் திருப்பியடித்து, கண் பேய்க்கண்ணாக எரியும். லென்ஸை நேரே நீட்டினால், யாரோ முறைப்பது போல அவனுக்கு. உதட்டை நக்குவான், கொட்டாவி விடுவான். தூக்கம் இல்லை, பயம். உடனே கேமராவைக் கீழே வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். 40 நிமிடம் கழித்து, தானாக வந்து என் முழங்காலில் மோவாயை வைத்தான். படமெடுக்க முடியாத அளவுக்குக் கிட்டத்தில்!

பிறகு எடுத்த படத்தைப் பார்த்து இரண்டே நாளில் ஒருவர் கூட்டிப் போனார். ஒன்பதாம் நாள் திரும்பக் கொண்டுவந்தார். "படத்துல எவ்வளவு அமைதியா இருந்தான்!" இடி இடித்தால் கட்டிலுக்கடியில் புகுந்து விடியவிடிய ஊளையிடுவான் என்பது எங்களுக்குத் தெரியும். அழகாக எடுத்ததில் தப்பில்லை. அதோடு நான் வாயை மூடிக்கொண்டதுதான் தப்பு.

இப்போது படத்துக்கடியில் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்: இடிக்குப் பயம், பின்னங்கால் நொண்டும், புது ஆளைக் கண்டால் ஒதுங்குவான். வடுவை அழிப்பதில்லை. கழுத்துக் கயிற்றை மட்டும் கம்ப்யூட்டரில் அழிக்கிறேன். அந்தப் பொய்க்கு மன்னிப்புக் கொடு.

மணிக்கு இன்னும் ஆள் வரவில்லை. அடுத்த மாதம் வருகிறாய் அல்லவா, கயிற்றைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பழைய துணியாகப் போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி