அந்த 211-இல் அவள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு கிழமைக்கு முன் உங்கள் பத்திரிகையில் வந்த ஒரு வாசகர் கடிதம் இன்னும் மனதில் நிற்கிறது. முஸ்லிம்களுக்கென்று ஒரு சிறப்புப் பிரதிநிதி, முஸ்லிம்களுக்கென்று ஒரு நினைவு நாள், பள்ளிவாசலுக்குக் கமரா பூட்டக் காசு, எல்லாம் எங்கள் வரிப்பணம், தமிழருக்கு இந்தக் கனடா அரசாங்கம் என்ன கிழித்தது என்று கேட்டிருந்தார். எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் இதே கதையை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், கலியாண வீட்டில், கோயில் வாகனத் தரிப்பிடத்தில், வேலையிடத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிற நேரத்தில். சில இடங்களில் நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆகவே இதை யாரும் புத்திமதியாக எடுக்க வேண்டாம்.

முதலில் அந்தத் 'தமிழருக்கு என்ன' கணக்கை முடித்துவிடுவோம். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஒட்டாவா நாடாளுமன்றம் 2016-இல் ஏற்றது. 2021-இல் ஒன்ராறியோவில் தமிழின அழிப்புக் கல்வி வாரத்துக்குச் சட்டமே வந்தது. 2022-இல் மே 18-ஐத் தமிழின அழிப்பு நினைவு நாளாக ஒட்டாவா ஏகமனதாக ஏற்றது. 2025-இல் பிரம்டன் பூங்காவில் நினைவுத்தூபி திறந்தார்கள், கொழும்பு கோபித்துக்கொண்டது, இங்கே யாரும் அசையவில்லை. இவையெல்லாம் கிடைத்தபோது 'இது யாருடைய வரிப்பணம்' என்று எந்த முஸ்லிமும் பத்திரிகைக்கு எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. இன்னொன்று, அப்படியொரு பதவி முதன்முதலில் முஸ்லிம்களுக்கு வந்ததும் இல்லை. யூத வெறுப்பை எதிர்கொள்ள 2020-இலேயே ஒரு தூதரை நியமித்தார்கள். முஸ்லிம் வெறுப்பை எதிர்கொள்ளும் பிரதிநிதியாக அமீரா எல்கவாபி நியமனமானது 2023 ஜனவரியில்தான். அவர் முன்பு எழுதிய ஒரு வரிக்காகக் கியூபெக்கில் பதவி விலகச் சொல்லி ஒரே ஆரவாரம். அந்தப் பதவி வேண்டியிருந்ததா இல்லையா என்று வாதாடலாம், எனக்கே அதில் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை, ஆனால் அது ஏதோ சலுகை மாதிரி வந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அது பிணங்களுக்குப் பிறகு வந்தது. 2017 ஜனவரி 29, கியூபெக் நகரில் இரவுத் தொழுகை முடிந்த நேரம் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான், ஆறு பேர் செத்தார்கள், 17 பிள்ளைகளுக்குத் தகப்பன் இல்லாமல் போனது. 2020 செப்டெம்பரில், எங்கள் ரொறன்ரோவிலேயே, எற்றோபிக்கோவில், கொரோனா விதிப்படி எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த தொண்டர் ஒருவரைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். அடுத்த வருடம் ஜூன் 6, லண்டன், ஒன்ராறியோ. பின்னேரம் காலாற நடக்கப் போன குடும்பம், சந்தியில் வீதி கடக்க நின்றது. ட்ரக்கை அவர்கள் மேல் ஏற்றினான். பாட்டி, தகப்பன், தாய், மகள், நாலு பேர். ஒன்பது வயதுப் பெடியன் மட்டும் தப்பினான். கொன்றவனுக்கு 2024-இல் ஆயுள் தண்டனை கொடுத்த நீதிபதி இது பயங்கரவாதம்தான் என்று சொன்னார். அந்த நேரம் ஸ்காபரோவில் எத்தனை தமிழ்க் குடும்பம் பின்னேரம் நடக்கப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ட்ரக் ஓட்டுகிறவனுக்கு எங்கள் மண்ணிறத்துக்கும் அவர்கள் மண்ணிறத்துக்கும் வித்தியாசம் தெரியுமா?

சரி, அரசாங்கம் செய்ததெல்லாம் போதுமா என்றால் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2017-இல் இஸ்லாமிய வெறுப்பைக் கண்டிக்கச் சொல்லி எம்-103 என்று ஒரு தீர்மானம் வந்தது, சட்டம் கூட இல்லை, வெறும் தீர்மானம். அதற்கே கொண்டுவந்த பெண் எம்.பி.க்குக் கொலை மிரட்டல். 201 வாக்குக்கு 91 வாக்கு என்று நிறைவேறியது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அடிபட்ட அளவுக்கு, அந்த வெறுப்பால் அடிவாங்கியவனைப் பற்றி யாரும் பேசவில்லை. லண்டன் கொலைக்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் பெயரால் ஒன்ராறியோவில் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார்கள், 2022 தேர்தலோடு அது செத்துப்போனது. கியூபெக்கில் 2019-இல் வந்த 21ஆம் சட்டம் அரசாங்கப் பள்ளி ஆசிரியைக்குத் தலைத்துணி கூடாது என்கிறது, தலைப்பாகையும் சிலுவையும் கூட அப்படித்தான். மொன்றியலில் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் படிப்பிக்கிறார்கள். ஒரு கையால் வெறுப்பை ஒழிக்கக் கோடிக்கணக்கில் ஒதுக்கிக்கொண்டு, மறுகையைக் கட்டிக்கொண்டு இந்தச் சட்டத்தைப் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தது ஒட்டாவா.

கோடிக்கணக்கில் என்று சும்மா சொல்லவில்லை. 2024-இல் அறிவித்த இனவாத எதிர்ப்புத் திட்டத்துக்கு 110 மில்லியன் டொலருக்கு மேல், அதே வருடம் வெறுப்புக்கு எதிரான செயற்திட்டத்துக்கு ஆறு வருடத்துக்கு 273.6 மில்லியன். கமராப் பணத்தைச் சொல்லி எரிச்சல்பட்ட அன்பருக்கு ஒரு தகவல், அந்தத் திட்டம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல, கோயிலும் கேட்கலாம், தேவாலயமும் கேட்கலாம், யூத ஆலயமும் கேட்கலாம். நீண்ட காலம் அது செலவில் பாதியைத்தான் கொடுத்தது, மீதிப் பாதியை உண்டியலில் இருந்துதான் போட வேண்டும். எங்கள் கோயில் நிர்வாகங்கள் விண்ணப்பித்ததா என்று முதலில் அங்கே கேட்டுப் பார்க்கட்டும்.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2023-இல் கனடா முழுக்கப் பொலிஸில் பதிவான வெறுப்புக் குற்றங்கள் 4,777. அதில் முஸ்லிம்களுக்கு எதிரானவை 211. முந்தின வருடம் 109. ஏறத்தாழ இரட்டிப்பு என்று செய்தியில் சொன்னார்கள், உண்மைதான். ஆனால் நான் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வேறொன்றை யோசித்தேன். இந்த நாட்டில் ஏறத்தாழ 18 லட்சம் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். ஒரு முழு வருடத்தில், அதுவும் அந்த 2023 கடைசியில் காசா யுத்தம் தொடங்கி ஊரே கொதித்துக்கொண்டிருந்த வருடத்தில், 211 தானா? நம்ப முடியுமா?

எனக்கு அதில் சேராத ஒன்றைத் தெரியும். 2023 நவம்பர், ஸ்காபரோ, பின்ச் வீதியில் ஓடும் பஸ், மழை. இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன் இருக்கையில் தலைத்துணி போட்ட ஒரு பிள்ளை, இருபது வயது இருக்கும், எந்த நாட்டுப் பிள்ளையோ தெரியாது, மடியில் புத்தகப் பை. நடுவில் நின்ற ஒருவன் அவளைப் பார்த்து ஏசத் தொடங்கினான். உன் நாட்டுக்குப் போ, குண்டு வைக்கிறவள், அப்புறம் எழுத முடியாதவை. அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது அவனுக்குப் பிடிக்கவில்லை போல, கையிலிருந்த கோப்பியை அவள் மேல் வீசினான். பாதி பையில், பாதி கழுத்துப் பக்கத்தில். ஆறின கோப்பிதான், நல்ல காலம். அடுத்த தரிப்பில் கதவு திறந்ததும் இறங்கி ஓடிவிட்டான். பஸ்ஸில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். எல்லாரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் துடைத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தாள். "அங்கிள், நீங்கள் பார்த்தீர்கள்தானே? பொலிஸுக்குச் சொல்லுவீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்கு வேலைக்கு நேரமாகிறது என்றேன். என் தரிப்புக்கு இரண்டு தரிப்பு முன்னாலேயே இறங்கி மழைக்குள் நடந்தேன்.

ஏன் என்று என்னையே கேட்டிருக்கிறேன். பொலிஸுக்குச் சாட்சி சொல்லப் போனவன் வீடு திரும்புவானோ தெரியாது என்ற காலத்தில் வளர்ந்த உடம்பு இது, முப்பது வருடம் கனடாத் தண்ணீர் குடித்தும் அது மாறவில்லை. இது ஒரு காரணம். ஆனால் முழுக் காரணம் அதுவல்ல, அவள் முக்காடு போட்டிருக்காமல் பொட்டு வைத்திருந்தால் நான் இறங்கியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இதை எழுதக் கை கூசுகிறது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன், அவள் "பஸ் இலக்கம் என்ன?" என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை. "எத்தனை மணி?" ஏழு இருக்கும், ஏழரையும் இருக்கலாம். "எந்தத் தரிப்பில் இறங்கினவன்?" அதுவும் சரியாக ஞாபகம் இல்லை. அவள் மேலே போய்விட்டாள். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு இலக்கத்துக்கு அழைத்தேன், எந்த இடம் என்று இங்கே எழுதவில்லை. இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து, அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்டேன், கடைசியில் வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அவளுடைய பெயர் என்னிடம் இல்லை, பஸ் இலக்கம் இல்லை, அதனால் அவர் எதை எழுதுவார்?

ஆகவே அந்த 211-இல் அவள் இல்லை. அவளாகவே போய்ச் சொல்லியிருந்தால் ஒருவேளை இருக்கலாம், ஆனால் பஸ்ஸில் அத்தனை பேர் பார்த்தும் ஒருவரும் வாய் திறக்காத பிறகு யார்தான் போய்ச் சொல்லுவார்கள்? கனடா புள்ளிவிபரத் திணைக்களம் 2019-இல் மக்களிடமே நேரடியாகக் கேட்டு எடுத்த கணக்கில், வெறுப்பால்தான் நடந்தது என்று பாதிக்கப்பட்டவர்களே சொன்ன சம்பவங்கள் 2 லட்சத்து 23 ஆயிரத்துக்கும் மேல். அது எல்லா இனத்தவரும் எல்லா மதத்தவரும் சேர்ந்த கணக்கு. அதே வருடம் பொலிஸ் ஏட்டில் ஏறியது 2,000-க்கும் குறைவு. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் எத்தனை பஸ், எத்தனை கோப்பி. பிரதிநிதி, மாநாடு, நினைவு நாள் எல்லாம் ஏட்டில் ஏறின அந்தச் சின்ன எண்ணை வைத்துத்தான் நடந்தது. மில்லியன் கணக்கில் ஒதுக்குகிறவர்கள், தமிழிலும் உருதுவிலும் சோமாலியிலும் ஒரு மனிதர் உடனே எடுத்துப் பேசுகிற ஒரு தொலைபேசி இலக்கத்தை எல்லா பஸ்ஸிலும் ஒட்டினால் என்ன? இதுதான் அரசாங்கத்திடம் எனக்குள்ள ஒரே கோரிக்கை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதை விட்டுவிட்டு எழுதினால் நான் பொய்யன். 1990 ஒக்டோபர் 30 யாழ்ப்பாணத்தில் நான் இருந்தேன். சோனகத் தெருவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள், முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச் சொன்னார்கள், பிறகு இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள், ஊரை விட்டுப் போக. புலிகள்தான் செய்தார்கள், வடக்கு முழுக்க 75,000 பேர் அளவில் அந்த மாதம் வெளியேற்றப்பட்டார்கள். என் பள்ளிக்கூடக் காற்சட்டை தைத்துத் தந்த தையற்கார நானாவும் அதில் ஒருவர். ஒவ்வொரு வருடமும் இடுப்பை அளந்துவிட்டு, "தம்பி, உமக்கு வயிறு வளருது, காலை காணேல்ல" என்று சிரிப்பார். அவருடைய தையல் மெசின் பிறகு யார் வீட்டில் ஓடியது என்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்கும் நாங்கள் மதிலுக்கு இங்கால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பயம் என்று சொல்லலாம், பயம்தான், ஆனால் மெசினைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு என்ன பயம்?

அப்புறம் நாங்களே கப்பலில் வந்தோம். 2010-இல் சன் சீ கப்பலில் 492 தமிழர் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தபோது, உள்ளே பயங்கரவாதிகள் இருக்கலாம் என்று அமைச்சரே சொன்னார், மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள், சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த நாட்களில் நான் வேலை செய்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரன் "உன் ஆட்கள் வந்துவிட்டார்களாம், குண்டு எங்கே" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர் மட்டும் கரண்டியை வைத்துவிட்டு, "அவனை விடு" என்றார். அவர் ஒரு பாகிஸ்தான்காரர். பெயர் கூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, ஆறேழு மாதத்தில் வேலை மாறிப் போய்விட்டார்.

இரண்டு கிழமைக்கு முன் எழுதிய அன்பர் என் மேல் கோபப்படுவார், படட்டும், அவர் பதில் எழுதினால் வாசிக்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்கிறேன் ஆசிரியரே. ராசிபலனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போதும். இப்படி ஒன்றைக் கண்டால் எந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று தமிழில் போடுங்கள். பஸ் என்றால் உள்ளே முன்பக்கத்தில் வாகன இலக்கம் எழுதியிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், கமராப் பதிவு கனகாலம் இருக்காது, அன்றைக்கே சொல்ல வேண்டும். வெறும் வாயால் ஏசினால் பெரும்பாலும் குற்றமாக எடுக்க மாட்டார்கள், ஆனால் கையில் இருந்ததை வீசினால் அது தாக்குதல், வெறுப்பில் செய்தது என்று நிரூபித்தால் தண்டனையும் கூடும். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது.

மகள் கேட்ட பிறகு யோசித்து யோசித்து எழுதி வைத்தது இவ்வளவுதான்: கிழக்குப் பக்கம் போன பஸ், செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன், கடும் நீல ஜக்கெற், நாற்பது வயது மதிக்கலாம், இடது கையால்தான் வீசினான். அந்தத் துண்டு இன்னும் என் பேர்ஸில் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ