இடது கையால் ஒரு ட

தாராவி, மும்பை

எய்யா,

அம்மா எழுதுறேன். இங்கே எல்லாரும் சுகம். ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல உன் மகன் சின்னவனைப் பார்த்து, "கையை மாத்துலே"ன்னு சத்தம் போட்டேல்லா, அதுல இருந்து அவன் சிலேட்டைத் தொடவே இல்லை. போன்ல சொன்னா நீயும் பேசுவ, நானும் பேசுவேன், பேச்சு வேற எங்கேயோ போயிரும். அதான் எழுதுறேன்.

அவன் இடது கைக்காரன். விஜயதசமிக்குத் தாம்பாளத்துல அரிசியைப் பரப்பி, தாத்தா அவன் வலது விரலைப் பிடிச்சு 'அ' போட வச்சாங்க. விரலை விட்டதுதான் தாமதம், இடது கையை நீட்டி அதுக்குப் பக்கத்துல தானா ஒரு சுழி போட்டான். வந்திருந்தவங்க முகத்தைச் சுளிச்சாங்க. எனக்கு உன் ஞாபகம்தான் வந்துச்சு.

அப்போ உனக்கு அஞ்சு வயசு. டீச்சர் ஸ்கேலால இடது கை விரல் முட்டியில அடிச்சுட்டாங்கன்னு அழுதுக்கிட்டு வந்தே. நான் போய்க் கேட்டிருக்கணும். கேக்கலை. பழைய சேலையைக் கிழிச்சு உன் இடது கையை இடுப்போட சேர்த்துக் கட்டி, வலது கையால ஒரு பக்கம் எழுதினாத்தான் சோறுன்னு சொன்னேன். நீ மறந்திருப்ப. கட்டினது நான், எனக்கு மறக்கலை. கையெழுத்து கோணலா இருக்குன்னு இன்னைக்கும் ஃபாரம் நிரப்பக் கூச்சப்படுறியே, அது உன் சோம்பல் இல்லைய்யா.

அதுக்கப்புறம்தான் அங்கன்வாடி வேலைக்குப் போனேன். 22 வருஷம் பிள்ளைகள் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கே புரிஞ்சுச்சு. பத்துப் பிள்ளையில ஒண்ணு இடது கையாத்தான் இருக்கும். அது மூளையில அமையுறது, கெட்ட பழக்கம் இல்லை. நம்ம ஊரு சச்சின் வலது கையால மட்டை பிடிச்சாரு, கையெழுத்துப் போடுறது இடது கையாலதான்.

'ட'வைத் திருப்பிப் போடுறான்னும் கோவப்பட்டே. அதுக்கும் இடது கைக்கும் முடிச்சுப் போடாதே. வலது கைப் பிள்ளைகளும் ஆறேழு வயசு வரை கண்ணாடியில பார்த்த மாதிரி திருப்பி எழுதும். நாற்காலியைத் திருப்பி வச்சாலும் நாற்காலிதானே, எழுத்து மட்டும் ஏன் திரும்பக் கூடாதுன்னு அதுகளுக்குத் தெரியாது. நாம சரியா எழுதிக் காட்டிக்கிட்டே இருந்தாப் போதும்.

'அ'வுல தொடங்கினதே நாம பண்ணின தப்பு. சுழிச்சு, வளைச்சு, கடைசியில நேர்கோடு இறக்கணும். நாலரை வயசு விரலுக்கு அது பெரிய வேலை. நான் 'ட'வுல தொடங்குறேன். ஒரு கோடு கீழே, ஒரு கோடு பக்கத்துல, முடிஞ்சுது. 'ட'வுக்கு ஒரு கோடு மேலே ஏத்தினா 'ப'. அதுக்கப்புறம் 'ம'. இந்த மூணுலேயே படம், பட்டம், மடம்னு வார்த்தை வந்துருது, புள்ளி வைக்கவும் பழகிருது. ரெண்டுசுழி, மூணுசுழி எல்லாம் மெதுவா வரட்டும். கொம்பும் துணைக்காலும் புரிஞ்சுட்டா 247 எழுத்தையும் தனித்தனியா உருப்போட வேண்டாம்.

பென்சிலை இப்போ குடுக்கலை. சுண்டுவிரல் நீளத்துக்குச் சாக்பீஸை ஒடிச்சுக் குடுக்குறேன். துண்டு சின்னதா இருந்தா உள்ளங்கையால பிடிக்க முடியாது, மூணு விரல் தானா வந்து சேரும். மருமக சப்பாத்தி மாவுல ஒரு உருண்டை குடுத்துருவா, அதை உருட்டி உருட்டி 'ட' செய்வான். விரலுக்குப் பலம் வந்தாத்தான் எழுத்து வரும்.

இடது கைக்குன்னு சில சங்கதி இருக்கு. தமிழும் மராத்தியும் இங்கிலீஷும் இடமிருந்து வலமாப் போறதால அவன் கையே அவன் எழுதினதை அழிச்சிரும். அதனால சிலேட்டை உடம்புக்குக் கொஞ்சம் இடது பக்கமாத் தள்ளி, மேல்முனை வலது பக்கம் சாயுற மாதிரி வைக்குறேன். சாக்பீஸைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடிக்கச் சொல்றேன், கை வரிக்குக் கீழே இருக்கணும். மராத்தி எழுத்துக்கு மேல போடுற கோட்டை வலமிருந்து இடமா இழுக்குறான். இழுக்கட்டும், கோடு கோடுதான். பள்ளிக்கூடத்துல பெஞ்சுல இடது ஓரமா உக்கார வைங்கன்னு நானே போய்ச் சொல்லிட்டு வந்தேன். நடுவுல உக்காந்தா பக்கத்துப் பிள்ளை முழங்கையோட இடிச்சுக்கிட்டே இருப்பான். இந்தத் தடவை போனேன்யா.

வரும்போது சாக்லேட் வேண்டாம். இடது கைக்காரங்களுக்குன்னே கத்தரிக்கோல் விக்குதாம், தோஹாவுல கிடைச்சா ஒண்ணு வாங்கிட்டு வா. நம்ம கத்தரியில அவன் காகிதம் வெட்டினா கிழியுது.

நேத்து ராத்திரி, "அப்பா எந்தக் கை ஆச்சி?"ன்னு கேட்டான். "உன் கைதான்"னு சொன்னேன். நம்பலை. அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு தாளும் பேனாவும் பக்கத்துல வச்சுக்கோ. அவன் பார்க்க, இடது கையால ஒரு 'ட' எழுதிக் காட்டு. கோணினாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா