உன் உம்மா தந்த மண்ணெண்ணெய்

அன்பின் நண்பனுக்கு,

இங்கு யாவரும் நலம். உன்னுடைய, பிள்ளைகளுடைய நலமறிய ஆவல். புத்தளத்திலிருந்து நீ எழுதிய கடிதம் போன கிழமை கிடைத்தது. மகளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்த செய்தியை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். காது மந்தமாகிவிட்டாலும், உன் உம்மாவைப் பற்றிய இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நாங்கள் போன பிறகு யாழ்ப்பாணத்தில் நீங்கள் எப்படி இருந்தீர்கள்?” என்று கேட்டிருந்தாய். முப்பது வருடங்களுக்கு மேலாக நாம் பேசாமலே விட்ட விடயம் இது. எழுதினால்தான் என்னால் முழுதாகச் சொல்ல முடியும்.

1990 ஜூனில் அரசாங்கப் படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே சண்டை மீண்டும் மூண்டு மின்சாரம் நின்றதும், கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் நகரின் நடுப்பகுதி இடிந்ததும் நீ இருக்கும்போதே நடந்தவை. அதன் பின் பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் என்று குடாநாட்டுக்குள் வரவிடாமல் அரசாங்கம் தடுத்த பொருட்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. சவர்க்காரம் கிடைக்காதபோது அம்மா பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தார். பழைய மொரிஸ் மைனர் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. பத்திரிகைகள் கொப்பித் தாளில், மாணவர்களுக்கான கோடுகளின் மேலேயே அச்சாகி வந்தன. இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை கேட்பதற்காகச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நான் கையால் மிதிகட்டையைச் சுற்ற, டைனமோவில் வானொலி பேசியது. கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். ஆகையால், எந்தச் செய்தி வந்தாலும் சுற்றுவதை நிறுத்தக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார்.

பனங்குற்றிகளை அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர் ஒன்றை முற்றத்து மாமரத்தடியில் வெட்டினோம். குண்டு போடும் பொம்மரின் இரைச்சல் கேட்டதும் பாட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்குவோம். பிறகு பாட்டி வர மறுத்துவிட்டார். 1995 ஜூலையில் நவாலித் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தி வந்த அன்று, “கடவுளின் கூரைக்கே காவல் இல்லாதபோது இந்தக் குழிக்குள் எனக்கென்ன வேலை?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

இனி, நான் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்ற புலிகள் இயக்கத்தின் கட்டளையோடு சோனகத் தெரு முழுவதும் கலங்கி நின்றபோது, உன் உம்மா எங்கள் வீட்டுப் படலையடிக்கு ஓடிவந்து ஒரு மஞ்சள் கானை அம்மாவிடம் கொடுத்தார். அதில் பத்துப் போத்தலுக்குக் குறையாத மண்ணெண்ணெய் இருந்தது. “இதைக் கொண்டுபோக விடமாட்டார்கள், பிள்ளை படிக்கட்டும்” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. உங்கள் தெரு வரைக்கும் கூட வரவுமில்லை. பயந்தேன் என்பது உண்மை, ஆனால் அது போதுமான விளக்கம் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அதில் எண்ணெயை ஊறவிட்டு, சைக்கிள் வால்வுக்குள் நூல்திரி கோத்து நிறுத்தினால் போத்தலே சிமினியாகிவிடும். அந்த விளக்கில் ஒரு தேக்கரண்டி எண்ணெயையும் அம்மா அளந்துதான் ஊற்றுவார். உன் உம்மா தந்த எண்ணெய் தைப்பொங்கல் கழிந்தும் எரிந்தது. அடுத்த வருடம் நான் எழுதிய உயர்தரப் பரீட்சையின் பாதிப் படிப்பு அந்த வெளிச்சத்தில் படித்ததுதான்.

சரியாக ஐந்து வருடங்களின் பின், 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கிவிட்டது, எல்லோரும் வெளியேறுங்கள் என்று இயக்கத்தினர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் செம்மணி வீதிக்கு வந்துவிட்டது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடிமேல் அடியாக நகர்ந்த அந்தச் சனத்துக்குள் மழையும் சேர்ந்துகொண்டது. பாட்டியைச் சைக்கிளின் பின்னிருக்கையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். தாகம் தாங்காமல் அம்மா குடையைத் தலைகீழாக விரித்து, அதில் சேர்ந்த மழைத்தண்ணீரைப் பாட்டிக்குப் பருக்கினார். பிறகு என்னைப் பார்த்து, “இன்றைக்கு என்ன திகதி?” என்று கேட்டார். நான் சொன்னேன். பாலத்துக்கு அப்பாலுள்ள தென்மராட்சிக்குப் போய்ச் சேரும்வரை அவர் வேறு எதுவும் பேசவில்லை.

ஏப்ரல் விடுமுறையில் பிள்ளைகளோடு வருவதாக எழுதியிருக்கிறாய். முன்னறையைத் துப்புரவாக்கி வைக்கிறேன். உம்மாவால் பயணம் செய்ய முடியுமானால் அவரையும் கட்டாயம் கூட்டிவா. அவரிடம் நேரில் சொல்ல வேண்டியவை எனக்கு இருக்கின்றன.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்