ஒரு சாண்

ஆக்ரன், ஒஹாயோ

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பனி இன்னும் விட்டபாடில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அவரைக் கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார், நீங்கள் உள்ளதை எழுதுங்கள்.

போனில் பாதியில் விட்ட பந்தயக் கதைக்கு வருகிறேன். சின்னவன் இங்கே குருளையர் படையில், அதாவது சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவில், இருக்கிறான் அல்லவா, அவர்கள் நடத்தும் பந்தயத்துக்குப் பைன்வுட் டெர்பி என்று பெயர். ஏழு அங்குல பைன் கட்டை, நாலு பிளாஸ்டிக் சக்கரம், அச்சுக்கு நாலு ஆணி. செதுக்கிக் காராக்குவது நம் பாடு. மோட்டார் கிடையாது, தள்ளவும் கூடாது. சரிவில் தானாக உருள வேண்டும். எடை 5 அவுன்ஸ், அதாவது 142 கிராமைத் தாண்டக் கூடாது. பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து மேட்டிலிருந்து இறங்கும் பெரிய வண்டிப் பந்தயம் ஒன்று எங்கள் ஊரிலேயே உண்டு, 1935ல் இங்கே வந்தது. அந்தப் பந்தயத்துக்கு வயது போதாத தன் மகனுக்காகத்தான் கலிஃபோர்னியாவில் டான் மர்ஃபி என்பவர் 1953ல் இந்தக் குட்டிப் பந்தயத்தை ஆரம்பித்தாராம்.

முந்தின நாளே போய் டேப் வைத்துப் பாதையை அளந்தேன். உயரம் 4 அடி, சரிவு 12 அடி, அதற்கப்புறம் சமதளம் 20 அடி. 4 அடி இறங்கினால் வேகம் விநாடிக்கு 16 அடி. சரிவில் சராசரி அதில் பாதி, ஆகவே 1.5 விநாடி. சமதளத்தில் 1.25. மொத்தம் 2.75 விநாடி என்று சின்னவனிடம் அடித்துச் சொன்னேன். எடை இந்தக் கணக்கில் வரவே இல்லை, கவனித்தீர்களா? ஆனாலும் இங்கே எல்லோரும் ஐந்து அவுன்ஸையும் நிரப்பத்தான் பார்க்கிறார்கள். காரணம் உண்டு. காற்று பிடித்து இழுப்பதும், சக்கரத்தைச் சுழற்றச் செலவாவதும் எடையோடு சேர்ந்து கூடுவதில்லை, அதனால் கனமான காருக்கு அந்த நஷ்டம் சின்னது. எடை கூட்ட ஒட்டும் ஈயத்தைப் பின்பக்கம் தள்ளி, காரின் எடை மையம் ஒரு அங்குலம் பின்னால் போகும்படி ஒட்டினால், முடிவுக் கோட்டருகே முக்கால் அங்குலமாவது லாபம். ரொம்பப் பின்னால் போனால் முன்சக்கரம் தரையில் பதியாமல் ஆடும்.

எடையில்தான் மானம் போனது. எங்கள் சமையலறைத் தராசை நம்பிப் போனேன், அங்கே நிறுத்தால் கொஞ்சம் கூடுதல். வரிசையில் நின்றபடியே வயிற்றுப் பக்கம் துளை போட்டுக் குறைத்தேன். அச்சு வழுக்குவதற்கு எண்ணெய் கூடாது, கிராஃபைட் தூள் மட்டும்தான். ஆணியைத் தேய்த்து வழவழப்பாக்கியபோது உங்கள் கடை ஞாபகம்தான். ரிம்மில் கோட்டம் எடுக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பீர்களே, அதே மாதிரிதான் நானும் பார்த்தேன். உங்கள் கண் எனக்கு வரவில்லை.

பந்தயத்தில் எங்கள் காருக்கு 2.96. முதலில் வந்தது 2.91. நாலு காரில் நாலாவது. பலகையில் "4" என்று வந்ததும் சின்னவன் முகம் போன போக்கு! வண்டியை எடுக்கக்கூட மாட்டேன் என்று நின்றுவிட்டான். வெளியே கூட்டிப்போய்க் கணக்குச் சொன்னேன். கடைசியில் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 15 அடி, நூறில் ஒரு விநாடிக்கு ரெண்டு அங்குலம்கூட இல்லை. நமக்கும் முதல் காருக்கும் இடையில் ஒன்பது அங்குலம், அவ்வளவுதான். சொல்லிவிட்டு என் கையை விரித்துக் காட்டினேன், ஒரு சாண். அவன் தன் கையை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "என் கைக்கு ஒன்றரை சாண்" என்றான். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

என் கணக்கு 0.21 விநாடி பிசகியது. சக்கரத்தைச் சுழற்றும் செலவு ஒரு பங்கு, காற்று ஒரு பங்கு. மீதிக்கு உங்கள் யோசனை வேண்டும். பாதையின் நடுவில் ஒரு பட்டை உயர்ந்திருக்கும், சக்கரம் அதில் உரசி உரசியே போகிறது. வீட்டுத் தரையில் உருட்டினாலும் பத்து அடிக்குள் இடப்பக்கம் ஒதுங்குகிறது. ஆணியை வளைக்கலாமா, துளையையே மாற்றிப் போடலாமா? ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காட்டுகிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்