தான்சேன் வரை எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு

அன்புள்ள சொந்தபந்தங்களுக்கும், சபையாருக்கும், சென்னிமலைத் தறிக்காரர்களுக்கும், தான்சேன் மக்களுக்கும்,

வணக்கம். நானும் என் மனைவியும் நேபாளத்துக்குப் போய்விட்டு நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வந்து நன்றி சொல்வதுதான் முறை. ஆனால் நன்றிக்குரியவர்கள் ஈரோட்டில் தொடங்கி இமயமலைப் பக்கம் வரை இருக்கிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் மனைவி நர்ஸ். கல்யாணத்துக்கு முன்னால், 1980களின் தொடக்கத்தில், பால்பா மாவட்டத்துத் தலைநகரான தான்சேனில் மிஷன் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்தவர். 1954ல் தொடங்கிய யுனைடெட் மிஷன் டு நேபாளின் ஆஸ்பத்திரி அது. பல நாட்டிலிருந்தும் பல சபைகளிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்து வேலை செய்தார்கள். அப்போதெல்லாம் நேபாளத்தில் மதம் மாறினால் ஜெயில். மிஷன்காரர்கள் மதப் பிரசாரம் செய்யக் கூடாது என்று அரசாங்கத்தோடு ஒப்பந்தமே இருந்தது. ஆகவே இவருடைய ஊழியம் முழுக்க வார்டுக்குள்தான். புண் கழுவுவார், ஊசி போடுவார், பிரசவம் பார்ப்பார், ராத்திரியெல்லாம் கண் விழித்து டிரிப்ஸைக் கவனிப்பார். ரோடு இல்லாத மலைக் கிராமங்களிலிருந்து நோயாளியை டோகோ என்கிற மூங்கில் கூடையில் உட்கார வைத்து, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டி, முதுகில் சுமந்தபடி நாள்கணக்கில் நடந்து வருவார்களாம். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, பார்க்காமலே அந்த ஊர்த் தெருக்கள் எனக்கு மனப்பாடம்.

நம் பக்கத்தில் மிஷனரி என்றால் கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரர்தான் ஞாபகத்துக்கு வருவார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரப் ஐயர் பெயரில் ஈரோட்டில் ஆலயமும் இருக்கிறது, சாலையும் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஆனால் அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர், வண்டி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கூடவே போனவர் யார் யார் என்று நமக்குத் தெரியுமா? போனவரின் பெயர் நிற்கிறது, அவரைத் தாங்கியவர்களின் பெயர் நிற்பதில்லை. என் மனைவிக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு. தான்சேனுக்கு ஒருதரம் போயே ஆக வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றதும் இதற்காகத்தான்.

முதல் நன்றி தான்சேனில் உள்ள ஓர் ஆயாவுக்கு. பெயரை எழுதலாமா என்று கேட்டோம், வேண்டாம் என்றுவிட்டார். அவர் அந்தக் காலத்தில் வார்டைப் பெருக்கித் துடைக்கிற வேலையில் இருந்தவர். நேபாளி ஒரு வார்த்தை தெரியாமல், மார்கழிப் பனியையே பெருங்குளிர் என்று நினைத்திருந்த கொங்கு நாட்டுப் பெண் போய் இறங்கியபோது, அடுப்பு மூட்டவும், நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கவும், கிழவிகளிடம் மரியாதையாகப் பேசவும் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். தன் சால்வையையே கழற்றிக் கொடுத்தாராம். இப்போது எண்பதை நெருங்குகிறார். நாங்கள் வாசலில் போய் நின்றதும் கட்டிப் பிடித்து அழுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ என் மனைவியை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தார். இத்தனை வருஷம் எங்கே போனாய், உனக்கும் எனக்கும் கால் நன்றாக இருந்தபோது வந்திருந்தால் ஸ்ரீநகர் குன்றுக்கு நடந்தே ஏறியிருக்கலாமே என்று. திட்டிக்கொண்டே பருப்பும் சோறும், புளிக்க வைத்துக் காயவைத்த கீரையான குந்த்ருக்கில் வைத்த ரசமும் தட்டில் வைத்தார். என் மனைவி மறுபேச்சுப் பேசாமல் சாப்பிட்டார். அவர் அப்படி அடங்கி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மறுநாள் ஜீப் வைத்து அந்தக் குன்றுக்கும் போனோம். கீழே மாடி என்கிற பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி, தூரத்தில் வெள்ளை மலைகள். ஆயா ஒவ்வொரு சிகரமாகக் கை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த வீட்டில் எனக்கும் ஒரு சொந்தம் கிடைத்தது. ஆயாவின் பேத்தி டாக்கா துணி நெய்கிறவள். நேபாளத்து ஆண்கள் தலையில் வைக்கும் பூப்போட்ட தொப்பி அந்தத் துணியில்தான் தைக்கிறார்கள், அதிலும் பால்பா டாக்காவுக்குத் தனிப் பெயர். எனக்குத் தறிதான் தொழில் என்று மனைவி சொன்னதும், அந்தப் பெண் எழுந்து எனக்கு இடம் விட்டாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தடவிப் பார்த்தேன், நல்ல முறுக்கு. பேச பாஷை இல்லை. ஓர் இழை அறுந்தது. அவள் கை நீட்டுவதற்குள் நான் முடிந்துவிட்டேன். முடிச்சைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள், தானும் ஓர் இழையை முடிந்து காட்டினாள். அதே முடிச்சு. நாங்கள் கொண்டுபோன சென்னிமலைப் போர்வையைப் பிரித்ததும் அவள் முதலில் புரட்டிப் பார்த்தது கரையைத்தான். நெய்கிறவர்கள் எந்த ஊராக இருந்தாலும் கரையைத்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது. அந்தப் போர்வைகளைக் காசு வாங்காமல் கட்டிக் கொடுத்த நம் தறிக்காரச் சகோதரர்களே, உங்கள் வேலையை ஒரு தேர்ந்த கை தடவிப் பார்த்துத் தலையசைத்தது. நேரில் பார்த்தவன் சொல்கிறேன்.

தான்சேன் சபையாருக்கும் நன்றி. அங்கே வார விடுமுறை சனிக்கிழமை, ஆராதனையும் அன்றைக்குத்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தோம். மாதல் மேளத்தோடு பாட்டு. மூப்பர் ஒருவர் என் மனைவியை முன்னால் அழைத்து, மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் கை தூக்குங்கள் என்றார். பாதிக்கு மேல் கைகள் எழுந்தன. என் மனைவிக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பேசச் சொன்னபோது, உங்களை எல்லாம் பெற்றெடுத்த அம்மாக்கள்தான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பழைய பிரசவ வார்டைக் கூட்டிப் போய்க் காட்டிய இப்போதைய நர்ஸுகளுக்கும் எங்கள் வணக்கம். 2006ல் மாவோயிஸ்ட் சண்டையில் எரிந்து, திரும்பக் கட்டி எழுப்பிய தர்பார் அரண்மனையை எங்களுக்குச் சுற்றிக் காட்டிய ஆசிரியர் தம்பிக்கும்தான்.

வழித்துணையாக இருந்தவர்கள் பலர். ஈரோட்டிலேயே ஏறி கோரக்பூரிலேயே இறங்கலாம் என்று ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் கீழ் பர்த்தாகப் பார்த்துப் பதிவு செய்து கொடுத்த வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள், கோரக்பூர் ஸ்டேஷனில் சுடச்சுட இட்லியோடு நின்ற கோபிச்செட்டிபாளையத்து ரயில்வேத் தம்பி, சுனௌலி எல்லையில் வாக்காளர் அட்டையை எடுத்துக் காட்டவும் பணம் மாற்றவும் உதவிய பெரியவர் எல்லோருக்கும் நன்றி. அங்கே நம் 100 ரூபாய்க்கு அவர்கள் பணம் 160. பூட்வல் தாண்டிச் சித்தபாபா மலைச்சரிவில் பாறை விழுந்து ரோடு அடைபட்டபோது, தன் டீக்கடைப் பெஞ்சில் என் மனைவியைப் படுக்கச் சொல்லி, ரோடு திறக்கும் வரை டீக்குக்கூடக் காசு வாங்காத அந்த அக்காவுக்கு இந்த மடல் போய்ச் சேராது. இருந்தாலும் எழுதாமல் விட மனசு வரவில்லை.

ஊரில் எங்கள் எருமையையும் வெள்ளாடுகளையும் தம்முடையவை போலப் பார்த்துக்கொண்ட பக்கத்துத் தோட்டத்து அண்ணன், நாங்கள் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று சென்னிமலை முருகனுக்கு அர்ச்சனையும் செய்திருக்கிறார். அண்ணா, நாங்கள் ஜெபம் பண்ணுகிறவர்கள், நீங்கள் படியேறிக் கும்பிடுகிறவர். அந்தப் படிகளை எங்களுக்காக ஏறினீர்களே, அதை மறக்கவே மாட்டோம். பிரஷர் மாத்திரையை நாள் வாரியாகக் கவரில் போட்டு எழுதிக் கொடுத்த டாக்டரம்மாவுக்கும், எங்கள் தறியில் பாவு நூலை ஓட்டி முடித்து வைத்த மாப்பிள்ளைக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

அப்புறம், ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் இரவல் கொடுத்தவர்கள் கவனத்துக்கு: எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்து மடித்தாயிற்று. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். பொழுதோட அப்படியே எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அரிசிம்பருப்புச் சோறு ஆக்குகிறோம், ஆயா கொடுத்தனுப்பிய குந்த்ருக்கும் கொஞ்சம் இருக்கிறது. போட்டோக்களை டிவியில் போட்டுக் காட்டுவதாகப் பேரன் சொல்லியிருக்கிறான்.

நன்றியுடன்,
சென்னிமலையிலிருந்து
நெசவுக்காரரும் நர்சம்மாவும்