கல்லறையில் அழுவது நம்பிக்கைக் குறைவு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியையும் படங்களையும் பார்த்தேன். மக்கள் கல்லறைகளுக்கு மாலை சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டதை அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். நன்றி. ஆனால், கிறிஸ்தவர்களுக்கு மரணம் ஒரு பொருட்டே அல்ல, அவர்கள் அதைத் துக்கமாகக் கருதுவதில்லை என்ற வரியை என்னால் ஏற்க முடியவில்லை. எழுதியவர் பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனாலும் அது உண்மையல்ல. துக்க வீடுகளில் அந்த எண்ணம் செய்யும் கேட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில் திருத்தூதர் பவுல் சாவைக் கடைசிப் பகைவன் என்கிறார். நண்பன் என்றோ, ஒன்றுமில்லாத விஷயம் என்றோ அவர் சொல்லவில்லை. பெத்தானியா ஊரில் தம் நண்பர் லாசர் இறந்து நான்கு நாள் ஆன பிறகு இயேசு அங்கே போகிறார். "உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே. என்னிடம் நம்பிக்கை கொள்பவர் இறப்பினும் வாழ்வார்" என்று லாசரின் சகோதரி மார்த்தாவிடம் சொல்கிறார். சொன்ன அவரே, சற்று நேரத்தில் இன்னொரு சகோதரி மரியா அழுவதைக் கண்டு தாமும் அழுகிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசர் எழுந்து வரப்போகிறான் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் அழுதார். இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோக என்னால் முடிந்ததே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பையன் பைக் விபத்தில் இறந்துபோனான். கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்த பையன். தெருவில் தறிகளை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், கையில் விவிலியத்தோடு, "அழக் கூடாதம்மா. உங்கள் மகன் ஆண்டவரிடம் போயிருக்கிறான். நீங்கள் அழுதால் சாட்சி கெட்டுப்போகும்" என்றார். அந்தத் தாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு பக்கத்து வீட்டு இந்துப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதபோதுதான் அவருக்கு வாய் திறந்தது. அன்றைக்கு நற்செய்தியின்படி நடந்துகொண்டவர்கள் அந்தப் பெண்களே என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கொங்கு நாட்டில் இந்த விசுவாசம் நேற்று முளைத்ததல்ல. கருமத்தம்பட்டியில் 17ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் வழிவந்த என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா), தன் கணவரான அப்பச்சி இறந்த அன்று மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். இருட்டியதும் அதே பாயில் உட்கார்ந்து செபமாலை சொல்லத் தொடங்கினார். யாரோ ஏதோ சொன்னதற்கு, "எழுப்புகிறவர் எழுப்புவார், பிரிந்ததற்கு நான் அழத்தானே வேண்டும்?" என்று கேட்டார். தெசலோனிக்கருக்குப் பவுல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். எதிர்நோக்கு இல்லாதவர்களைப்போலத் துயரப்பட வேண்டாம் என்றுதான் சொன்னார். துயரமே கூடாது என்று சொல்லவில்லை.

அந்த எதிர்நோக்குதான் என்ன? செய்தியில் அது விடுபட்டுவிட்டது. ஆன்மா கூட்டைவிட்டுப் பறந்துபோயிற்று, உடல் வெறும் சக்கை என்று நாங்கள் நம்புவதில்லை. ஞாயிறுதோறும் கோவிலில், "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன், நிலைவாழ்வை நம்புகிறேன்" என்று அறிக்கையிடுகிறோம். அடக்கத்தின்போது உடலுக்குத் தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்டுவது அதனால்தான். கத்தோலிக்கராகிய நாங்கள் இறந்தோருக்காக வேண்டிக்கொள்ள இந்த ஒரு நாளை ஒதுக்கும் வழக்கம், பிரான்ஸின் குளூனி மடத்துத் தலைவர் ஓடிலோவிடமிருந்து ஆயிரம் ஆண்டுகளாக வருகிறது. புராட்டஸ்டண்டு சபையான தென்னிந்தியத் திருச்சபை அன்பர்களுக்குப் பொதுவாக இறந்தோருக்காக வேண்டும் வழக்கம் இல்லை. அவர்களில் பலர் ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். ஆனால் உடலின் உயிர்ப்பை அவர்களும் எங்களைப் போலவே அறிக்கையிடுகிறார்கள்.

இந்த உயிர்ப்புக்குப் பவுல் விதையை உவமையாகக் காட்டுகிறார். ஐப்பசி மழையை நம்பி மானாவாரிக் காட்டில் சோளம் விதைக்கிற நம் விவசாயிக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மண்ணுக்குள் போனது அப்படியே திரும்பி வருவதில்லை. ஆனால் வருவது வேறொன்றும் அல்ல, அந்தச் சோளம்தான்.

மறைந்த என் கணவரின் வலது கைப் பெருவிரல் தறியில் நசுங்கிக் கோணிப்போயிருந்தது. ஆண்டுதோறும் திருநாளுக்கு முன் அவர் கல்லறையில் முளைத்த பார்த்தீனியத்தைப் பிடுங்கிச் சுண்ணாம்பு அடிக்கிறேன். காற்றில் மெழுகுவர்த்தி அணையாமலிருக்கக் கொட்டாங்குச்சிக்குள் வைக்கிறேன். அப்போதெல்லாம் அந்த விரல்தான் நினைவுக்கு வருகிறது. உயிர்த்த இயேசு தம் சீடர் தோமாவுக்குத் தம் கைகளின் காயத்தைக் காட்டினார் என்று யோவான் தம் நற்செய்தியில் எழுதுகிறார். உயிர்ப்பு அந்தத் தழும்புகளை அழித்துவிடவில்லை. அப்படியானால் அந்தக் கோணல் விரலையும் நான் மறுபடி பிடிப்பேன் என்று நம்புகிறேன். நம்பிக்கொண்டுதான் அழுகிறேன்.

துக்க வீட்டுக்குப் போகும் எங்கள் கோவில் பங்கு மக்களையும் இக்கடிதம் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்: முதலில் பக்கத்தில் உட்காருங்கள், அழ விடுங்கள். உயிர்ப்பைப் பற்றிப் பேச முப்பதாம் நாள் திருப்பலி இருக்கிறது, அதற்குப் பிறகும் எத்தனையோ நாட்கள் இருக்கின்றன. தங்கள் நிருபர் அடுத்த ஆண்டு வரும்போது, படம் எடுத்த பிறகு கல்லறையருகே நிற்கும் நாலு பேரிடமாவது அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
சோமனூர்.