பல் போனால் வாயும் போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார இதழில் தோட்டத்து முதியோர் மருத்துவ முகாம் பற்றிய செய்தியைப் படித்தேன். "வந்தவர்களில் பலருக்குப் பல் இல்லாததால் வாய்ப் பரிசோதனை தேவைப்படவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே, முடி கொட்டியவருக்குத் தலைவலிக் குளிசை தேவையில்லை என்றும் எழுதிவிடுங்கள். முகாம் செலவு இன்னும் குறையும்.

பல் போனாலும் நம் பாட்டிமார் வெற்றிலையை விடுவதில்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பாக்கு, சுண்ணாம்பு, புகையிலையோடு சின்ன உரலில் இடித்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறார்கள். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். அது பல்லில் வருவதில்லை. கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் ஓரத்திலும் வருகிறது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதும் இல்லை. "வலி உண்டா?" என்று கேட்டு அனுப்பிவிடுவது எந்தக் கணக்கில் பரிசோதனை?

முதியோர் இல்லங்களில் தாதிமார் பயன்படுத்தும் மதிப்பீட்டுப் படிவம் ஒன்று 2005இல் அவுஸ்திரேலியாவில் வெளியானது. உதடு, நாக்கு, ஈறு, உமிழ்நீர், பல், பொய்ப்பல், சுத்தம், வலி என்று அதில் எட்டு. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று புள்ளி, மொத்தம் 16. எட்டில் பல் ஒன்றுதான், ஐயா. மீதி ஏழு விஷயங்களையும் முகாமில் யார் பார்த்தது?

பெரிய சாமானும் தேவையில்லை. டோர்ச், கையுறை, துணித்துண்டு, நாக்கை அமுக்கிப் பார்க்கும் நாக்குத் தட்டை இரண்டு போதும். முதலில் இரண்டு மூன்று தடவை வாய் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். வெற்றிலைச் சிவப்போடு பார்த்தால் சிவப்புப் புண் எது, கறை எது என்று தெரியாது. அடுத்து பொய்ப்பல்லைக் கழற்ற வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். நாலு பேர் முன்னால் கழற்ற அவர்கள் கூச்சப்படுவார்கள், பார்ப்பவரும் விட்டுவிடுவார். இரவும் கழற்றாமல் படுப்பவரின் அண்ணத்தில், தகடு படிந்த அளவுக்கு அச்சு வைத்ததுபோல் சிவந்திருக்கும். பொய்ப்பல்லைக் கழற்றாமல் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. நாக்கு நுனியைத் துணியால் பிடித்து இழுத்து இரு ஓரங்களையும் பின்வரை பார்க்க வேண்டும். தூக்கச் சொல்லி அடியையும். வெற்றிலை ஒதுக்குவது எந்தக் கன்னத்தில் என்று கேட்டு அங்கே கூடுதல் நேரம். வெள்ளைப் படலம் துடைத்தால் வந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம். வராவிட்டால் கடிதம் கொடுத்துப் பல் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். இரண்டு வாரமாக ஆறாத புண்ணும் அப்படியே. வாய் மூன்று விரல் அளவுக்குத் திறக்காமல், உறைப்புச் சாப்பிட்டால் எரிகிறது என்றால், அதைப் பாக்கின் வேலையென்று சந்தேகிக்க வேண்டும், வயதின் மேல் பழி போடக்கூடாது. நாக்குத் தட்டை கன்னத்தில் ஒட்டிக்கொண்டால் வாய் வறண்டிருக்கிறது. என்ன குளிசை குடிக்கிறார் என்று கேளுங்கள், சில பிரஷர் குளிசைகளும் அப்படிச் செய்யும். இவ்வளவுக்கும் ஆளுக்கு ஐந்து நிமிடம்.

உங்கள் சுகாதாரப் பக்கத்தில் பல் என்றாலே பல் துலக்கும் பிள்ளைகளின் படம்தான். முதியோர் என்றால் பொன்னாடை. அதே முகாம் செய்தியில் விருந்தினரை வெற்றிலைத் தட்டோடு வரவேற்கும் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். அந்தத் தட்டு எனக்குக் கண்ணை உறுத்தியது. இன்னொன்று. கடிதம் கொடுத்தாலும் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போக பஸ் காசு வேண்டும், துணைக்குப் போகும் மகளுக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், இல்லை. அதைப்பற்றி ஒரு பத்தி எழுத எத்தனை முறை கேட்டாயிற்று.

திருத்தம் போட இடமில்லையென்றால் பரவாயில்லை. அடுத்த முகாம் அறிவித்தலின் கீழ் இதை மட்டும் சேருங்கள்: "பொய்ப்பல் போட்டிருப்பவர்கள் மூடியுள்ள டப்பா ஒன்று கொண்டுவரவும்."

இப்படிக்கு,
பல் கிளினிக் ஊழியர் ஒருவர்,
ஹட்டன்